வெள்ளெழுத்து வயதில் சிரிப்பு: பிடிப்பதும் சொல்வதும்

45 வயதில் மண்பாண்ட வகுப்பில் சேர்கிறவருக்கு, களிமண்ணைச் சக்கரத்தின் நடுவில் எப்படி நிறுத்துவது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்துவிடும். ஆசிரியர் சொன்னதைத் திருப்பிக் கேட்டால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். கைக்கு அது புரிய வாரக்கணக்கில் ஆகும். 20 வயதுக்காரருக்கும் இதே கதிதான். ஆனால் அவருக்குத் தலையும் புதுசு, கையும் புதுசு. நடுவயதில் வருகிறவரோ வேறொரு துறையில் கரைகண்டவர், பத்துப் பேருக்கு வேலை சொல்லிப் பழகியவர். அவருடைய பேச்சை அவர் கையே கேட்கவில்லை. நடுவயதின் நகைச்சுவையில் பெரும்பகுதி இந்த ஒரே கிணற்றில்தான் ஊறுகிறது. தலை போட்ட உத்தரவு ஒன்று, உடம்பு செய்த காரியம் வேறொன்று.

அதைக் கண்டுகொள்ளவும், குறித்துவைக்கவும், யார் மனமும் நோகாமல் எடுத்துச் சொல்லவும் பழகிக்கொள்ளலாம். 'எனக்கு அந்தப் பேச்சுத் திறமை கிடையாது' என்று ஒதுங்க வேண்டியதில்லை. தேவைப்படுவது பேச்சுத் திறமையைவிடக் கவனம்தான்.

ஜோக்கைத் தேடாதீர்கள்

சிரிப்பு வர வேண்டுமானால் ஜோக் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பொது இடங்களில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கவனித்து 1,200 சிரிப்புகளைப் பதிவு செய்தார். சிரிப்புக்குச் சற்று முன்னால் சொல்லப்பட்ட வாக்கியங்களில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மற்றதெல்லாம் சாதாரணப் பேச்சு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, ஆள் கூட இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கண்டது.

ஆகவே எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் இரண்டு வாரத்தில் ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். கண்ணோடு கண் பார்த்தாலே புரிந்துகொள்கிற ஒருவர் போதும். ஆசிரியருக்கு மிகவும் பிடித்த மாணவரும் வேண்டாம், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவரும் வேண்டாம். உங்களைப் போலவே திணறுகிற, அதற்காக வருத்தப்படாத ஒருவர். பாய் விரிப்பதோ நாற்காலி போடுவதோ, அவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.

நான்கு ஊற்றுகள்

எதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்று வகை பிரிக்கத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைவிடக் கைக்கு அடக்கமான கருவி கிடையாது. நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது அது: எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

பேதைமை என்பது தெரியாமை. புது மொழி கற்பவர் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்வது இதில் சேரும். இளமை என்பது சிறுபிள்ளைத்தனம். ஓவிய வகுப்பில் 52 வயதுப் பொறியாளர், நல்ல தூரிகை ஒன்றுக்காகப் பக்கத்து மேசைக்காரரிடம் 'நான்தான் மொதல்ல எடுத்தேன்' என்று முறைப்பது. எள்ளல் என்பது இகழ்ச்சியில் பிறப்பது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நான்காவதான மடன்தான் வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது. 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, விடச் சொல்லும்வரை விடாமல் இருப்பது. யோகா ஆசிரியர் 'மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துங்க' என்று சொல்லிவிட்டு, கதவைத் தட்டிய ஆளிடம் பேசப் போய்விடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் பாதி வகுப்பு முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறது. 'விடுங்க' என்று யாரும் சொல்லவில்லையே. நடுவயதுக்காரர்கள் நல்ல மாணவர்களாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடுகிறவர்கள். அதனால் மடன் அவர்களிடம் தாராளமாகக் கிடைக்கும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் எ, இ, பே, ம என்று ஒரு எழுத்து போட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். நான்கில் ஒன்றுக்கு மேல் 'எ' விழுந்திருந்தால், அந்த வகுப்போ அந்த உறவோ உங்களை உள்ளுக்குள் உறுத்துகிறது என்று பொருள். அங்கே சரிசெய்ய வேண்டியது வேறு ஏதோ இருக்கிறது.

குறிப்பேடு

சட்டைப்பையிலோ கைப்பையிலோ போகிற அளவு நோட்டு போதும். செல்பேசியிலும் எழுதலாம், ஆனால் வகுப்பு நடக்கும்போது செல்பேசியை எடுக்காதீர்கள். ஆசிரியருக்கு அவமரியாதை என்பது ஒன்று, நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. வகுப்பு முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன் 15 நொடி குரல்பதிவு செய்யுங்கள். இரவில் அதைக் கேட்டு ஐந்து வரிக்குள் எழுதுங்கள்.

நாள் தாண்டவிடாதீர்கள். நடந்த சம்பவம் ஒரு வாரம்கூட நினைவில் நிற்கும். சொன்ன வார்த்தைகள் மறுநாளே மாறிவிடும், சிரிப்பு இருப்பதோ பெரும்பாலும் அந்த வார்த்தைகளில்தான். 'இன்னைக்கு டான்ஸ் கிளாஸ் செம காமெடி' என்று எழுதிவைத்தால் மூன்று நாள் கழித்து அதில் ஒன்றும் இருக்காது. எழுத வேண்டியது மூன்று: யாராவது சொன்ன வாக்கியம் அப்படியே, ஒரு எண், கண்ணால் பார்த்த ஒரு பொருள் அல்லது நிலை. இப்படி:

'புதன், மாலை 7.20. 14 பேர் வலது பக்கம். பச்சைச் சட்டை மட்டும் இடது பக்கம், கை இன்னும் மேலே. "நான் சரியாத்தான் போனேன், கண்ணாடியில தப்பாத் தெரியுது" என்றார்.'

பெயர் எழுதாதீர்கள். பச்சைச் சட்டை, மூன்றாம் வரிசை, ஊதா பாட்டில் என்று அடையாளம் போதும். நோட்டு எங்காவது தொலைந்து போனாலும் யாருக்கும் சங்கடம் வராது.

எந்தக் கலையில் எங்கே பார்ப்பது

ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் சறுக்குகிற இடம் என்று ஒன்று உண்டு. அது ஏன் சறுக்குகிறது என்று தெரிந்தால் சிரிப்பு ஆழமாகும். கூடவே அந்த வேலையும் கொஞ்சம் கைவரும். காரணம் தெரியாதவர் 'எனக்கு வராது' என்று எழுந்து போய்விடுவார். தெரிந்தவர் சிரித்துவிட்டு மறுபடி உட்காருவார்.

மண்பாண்டத்தில் முதல் சறுக்கல் நடு நிறுத்துவது. முழங்கை தொடையில் ஊன்றாமல் அந்தரத்தில் இருந்தால் கை மண்ணைத் தள்ளாது, மண்தான் கையைத் தள்ளும். தோள் வரை ஆடும். இது ஒரு வாரத்து வேடிக்கை. அதைவிடப் பெரியது சுருக்கம். உயர்வெப்பத்தில் சுடும் களிமண், காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. உயரக் கோப்பை 8.8 செ.மீ. ஆகும். இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து சுருங்குவதால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 300 மில்லி பிடிக்க வேண்டிய கோப்பை 204 மில்லிதான் பிடிக்கும். 'இது எனக்கே எனக்குன்னு பெரிசாப் பண்ணினது' என்று ஆசையாக வனைந்தவர் சூளைக்கு முன்னால் நிற்கும் முகத்தைப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டியது சுலபம். ஈரமாக இருக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், சுட்டு வந்ததும் அதே அளவுகோலோடு ஒரு படம். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

கம்பளி பின்னுகிறவர்களுக்கு மாதிரித் துண்டு. 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆர்வக் கோளாறில் எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். வரைபடம் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று கணக்குப் போட்டிருக்கும், உங்கள் கை தளர்ந்த கை, 20 கண்ணிதான் விழும். இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டிய சட்டைக்கு 220 கண்ணி. அது உங்கள் கையில் 110 செ.மீ. ஆகிவிடும். கணவருக்கு என்று தொடங்கிய சட்டை அவருடைய அண்ணனுக்கு அளவெடுத்தது போல் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. மனம் இறுகினால் நூலும் இறுகும் என்பது பின்னுகிறவர்களுக்குப் பழகிய உண்மை. பிள்ளையின் தேர்வு வாரத்தில் பின்னிய கைப்பகுதியையும் விடுமுறையில் பின்னிய கைப்பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்குறிப்பு எழுதாதவர்களுக்கும் அதில் ஒரு நாட்குறிப்பு இருக்கும். பிரித்துவிடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடனம், ஏரோபிக்ஸ் வகுப்புகளில் குழப்பம் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வரும். ஆசிரியர் உங்களைப் பார்த்து நின்று, வாயால் 'வலது' என்பார், உங்களுக்குக் கண்ணாடி போலத் தெரியட்டும் என்று தன் இடது காலை எடுப்பார். காதால் கேட்டு ஆடுகிறவர்களும் கண்ணால் பார்த்து ஆடுகிறவர்களும் சரியாக ஆடுவார்கள். யோசித்து ஆடுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். 'அவருக்கு இடது என்றால் எனக்கு…' என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள், அவர் போய்க்கொண்டிருப்பார். எல்லாருடைய சம்மதத்தோடும் பின்னாலிருந்து 30 நொடி காணொளி எடுத்து, வகுப்பு முடிந்ததும் சேர்ந்து பாருங்கள்.

மொழி வகுப்பில் தவறுக்கு நான்கு கட்டம் போடுங்கள்: சொல்ல நினைத்தது, வாயில் வந்தது, அதன் பொருள், கேட்டவரின் முகம். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ் கற்பவர் 'பல்லிக்குப் போனேன்' என்றால் கேட்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'அப்படியா' என்பார். அந்த அடக்கல்தான் காட்சி.

பாட்டு கற்பவர்களுக்கு முதல் அதிர்ச்சி தன் குரலின் பதிவு. பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மண்டை எலும்பின் அதிர்வாகவும் உள்ளே கேட்கிறது. அந்தக் கனம் பதிவில் இருக்காது. மற்றவர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது பதிவில் உள்ள குரலைத்தான். ஒரு நிமிடம் பதிவு செய்து, முதல் தடவை தனியாகக் கேளுங்கள், கூச்சம் தெளியட்டும். இரண்டாம் தடவை வீட்டில் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, 'இது நான் மாதிரியா இருக்கு?' என்று கேளுங்கள். 'எப்பவும் இப்படித்தானே பாடுவ' என்ற பதில் பெரும்பாலும் வரும்.

ஆசிரியர் உங்கள் மகன் வயதுக்காரராக இருந்தால் அழைப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் அவரை 'மாஸ்டர்' என்பீர்கள், அவர் உங்களை 'அங்கிள்' அல்லது 'ஆன்ட்டி' என்பார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை கொடுத்து, 'உங்க முதுகை நேரா வையுங்க' என்பதைச் சொல்லவே அவர் தயங்குவார். முதல் வாரமே 'தப்பு பண்ணினா நேராச் சொல்லுங்க மாஸ்டர்' என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அது பெரிய ஆறுதல்.

வீட்டில்

ஒரு பிள்ளையைக் கூப்பிட நினைத்து, மற்ற பிள்ளையின் பெயர், தங்கையின் பெயர், நாயின் பெயர் எல்லாம் சொல்லி, கடைசியில் சரியான பெயருக்கு வந்து சேருவது எல்லா வீட்டிலும் நடப்பது. வயதானதன் அடையாளமோ என்று சிலர் உள்ளுக்குள் கலங்குகிறார்கள். வேண்டாம். 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1,700-க்கும் மேற்பட்டவர்களிடம் இதை விசாரித்தது. மனம் பெயர்களை உறவு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறது, ஒரு கட்டுக்குள் கைவிட்டால் பக்கத்துப் பெயர் வந்துவிடுகிறது என்பதுதான் அதன் முடிவு. இளம் வயதுக்காரர்களிடமும் இது நிறைய உண்டு. நாயின் பெயர் அந்தக் கட்டில் சேர்ந்துகொள்கிறது, பூனையின் பெயர் சேர்வது அபூர்வம் என்பதும் அதில் தெரிந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். நாயின் பெயரால் அழைக்கப்பட்டவர், தான் மிக நெருங்கிய கட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வார். ஒரு வாரத்துக்கு யார் யாரை எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிக் கோடு போட்டு வாருங்கள். வாரக் கடைசியில் வீடே கூடி எண்ணும்.

ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பதும் அப்படித்தான். இன்னொரு அறைக்குள் நுழைந்ததும் மனம் முந்தைய காட்சியை மூடிவைத்துவிடுகிறது என்று 2011-இல் காப்ரியல் ராட்வன்ஸ்கியும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். தம்பதிகளுக்கு ஒரு நல்ல வழக்கம்: நின்றுகொண்டிருப்பவரைப் பார்த்ததும் மற்றவர் 'என்ன வேணும்?' என்று கேட்பதற்குப் பதில், வாய்க்கு வந்த ஒரு பொருளைச் சொல்வது. 'ஏணியா?' 'இல்ல.' 'பாஸ்போர்ட்டா?' 'இல்ல… ஆ, கத்தரிக்கோல்!' எரிச்சல் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு கிடைக்கிறது.

வெள்ளெழுத்து 40-களில் தொடங்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சி குறைந்து, பக்கத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போவதுதான் காரணம். மருந்து அட்டையை ஒருவர் எட்டப் பிடிப்பதும், கை நீளம் போதாமல் மற்றவர் இரண்டடி தள்ளி நின்று படித்துச் சொல்வதும் சேர்ந்து சிரிக்க நல்ல காட்சி. சிரித்து முடித்ததும் கண்ணாடி போட்டு இன்னொரு தடவை படியுங்கள், மருந்து விஷயம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் ஒரு எல்லை வேண்டும். அவர்களுடைய சறுக்கலை அவர்கள் முன்னால் வெளியாரிடம் சொல்லாதீர்கள், அவர்கள் சிரித்தாலும் சொல்லாதீர்கள். அந்த வயதில் சிரிப்பது தப்பித்துக்கொள்வதற்காகவும் இருக்கும். முன்கூட்டிக் கேளுங்கள்: 'இதை மாமாகிட்ட சொல்லவா?' வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். திசையைத் திருப்பிவிடுவது இன்னும் நல்லது. வாரம் ஒரு புதுச் சொல்லை அவர்கள் உங்களுக்குக் கற்றுத்தரட்டும். நீங்கள் அதை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல, அவர்கள் மதிப்பெண் போடட்டும்.

வயதான பெற்றோர் காது மந்தமாகி ஒன்றைக் கேட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்லும்போது, அவர்கள் சிரித்தால் கூடச் சிரிக்கலாம். அவர்களுக்கு முன்னால் நீங்கள் தொடங்கக் கூடாது. நினைவு குறையும் நோய் இருந்தால் அதை நோட்டில் ஏற்றாதீர்கள், வீட்டுக்குள் நீங்கள் இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதோடு நிற்கட்டும்.

சொல்லும் விதம்

தமிழில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வினை கடைசியில் வரும். செய்தது என்ன என்பதில் வியப்பு இருந்தால் அது தானாகவே கடைசியில் வந்து விழும். வியப்பு ஒரு பொருளிலோ ஆளிலோ இருந்தால் அது வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு, பின்னால் ஒரு சப்பையான வினை வரும். 'பையைத் திறந்தபோது உள்ளே ரிமோட் இருந்ததைப் பார்த்தார்' என்பதில் 'பார்த்தார்' எதற்கு? 'நீச்சல் பையைத் திறந்தார். உள்ளே டிவி ரிமோட்.' அவ்வளவுதான்.

ஒரு சம்பவத்தைச் செதுக்கிப் பார்ப்போம். முதலில் எல்லாரும் சொல்கிற மாதிரி:

'ஜப்பானிய மொழி படிக்கிற ஒருத்தர் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து அழகா இருக்குன்னு சொல்றதுக்குப் பதிலா பயமா இருக்குன்னு சொல்லிட்டார், ஏன்னா அந்த ரெண்டு வார்த்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.'

கேட்டவர் புன்னகைப்பார், அதற்கு மேல் வராது. குறை என்னவென்றால் விளக்கம் பின்னால் வருகிறது. சிரிப்பு வர வேண்டிய நொடியில் கேட்பவர் இலக்கணம் படித்துக்கொண்டிருக்கிறார். விளக்கத்தை முன்னால் கொண்டுவாருங்கள்:

'ஜப்பானிய மொழியில கவாயீன்னா கொள்ளை அழகு. கொவாய்னா பயமா இருக்கு. பத்து வாரம் படிச்சவர், தொட்டிலுக்கு மேல குனிஞ்சார். அம்மா அப்பா ரெண்டு பேரும் ஆசையாப் பாத்தாங்க. "கொவாய்"னார். மூணு தடவை.'

அறிவு முதலில் போய்விட்டது. பிறகு எல்லாம் காட்சி. 'தப்பாச் சொல்லிட்டார்' என்ற தீர்ப்பு போய்விட்டது, கேட்பவரே அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறார். 'மூணு தடவை' கடைசியில் தனியாக நிற்கிறது. அந்த எண் குறிப்பேட்டில் இருந்தால்தான் இங்கே வரும். பத்துத் தடவை என்று ஊதிவிடாதீர்கள், நம்பிக்கை போய்விடும். உண்மையான சின்ன எண்ணுக்கு இருக்கும் பலம் பெரிய பொய் எண்ணுக்குக் கிடையாது.

நின்றபடி சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். 'செம காமெடி, கேளுங்க' என்று கொடி பிடிக்காதீர்கள், கேட்பவர் சிரிக்காமல் இருக்கத் தயாராகிவிடுவார். நீங்கள் முதலில் சிரித்துவிட்டால் கடைசிச் சொல் கேட்காது. தம்பதியாகச் சொல்லும்போது 'செவ்வாய் இல்ல, புதன்' என்று குறுக்கே விழுந்து திருத்துவது பாதிக் கதைகளைக் கொன்றுவிடுகிறது. ஒருவர் தொடங்கி நடத்தட்டும், முடிவு வாக்கியம் மற்றவருடையது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சொல்வது என்பதற்கும் கணக்கு உண்டு. பீட்டர் மெக்ரா குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, சின்னச் சறுக்கல் பக்கத்தில் இருக்கும்போது சிரிப்பு, பெரிய இடி தள்ளிப் போன பிறகு சிரிப்பு. கோப்பை சுருங்கிய கதையை அன்று மாலையே சொல்லிவிடுங்கள், ஆறு மாதம் ஆறவிட்டால் சப்பென்று ஆகிவிடும். சூளையில் ஒருவருடைய மூன்று மாத உழைப்பு மொத்தமாக வெடித்துப் போயிருந்தால் அவராக எடுக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

எங்கே கெடும்

கிண்டல், கேலி, நையாண்டி, நக்கல் என்று தமிழில் இத்தனை சொல் இருப்பது சும்மா இல்லை. கிண்டலில் இரண்டு பேரும் ஒரே பக்கம். நக்கலில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பகடிக்கு ஆளானவர் திருப்பிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தால் விளையாட்டு நடக்கிறது. அசடு வழியச் சிரித்துவிட்டு அமைதியாகிவிட்டால் முடிந்தது, அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். 'சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்' என்று சேர்க்காதீர்கள், குற்றம் அவருடைய பொறுமையில் இருப்பது போல் ஆகிவிடும். 'தப்பு, சொல்லியிருக்கக் கூடாது' என்றால் போதும்.

தன்னைத் தானே தாழ்த்திச் சிரிக்க வைப்பது அடக்கம் போலத் தெரியும், அதற்கும் அளவு உண்டு. ராட் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 2003-இல் நகைச்சுவைப் பாணிகளை நான்காகப் பிரித்தார்கள்: கூடிச் சிரிப்பது, கஷ்டத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சிரிப்பது, பிறரைக் குத்திச் சிரிப்பது, தன்னை மட்டம்தட்டிச் சிரிக்க வைப்பது. முதல் இரண்டும் மனநலத்தோடு ஒத்துப்போகின்றன, கடைசி வகை சோர்வோடு சேர்ந்தே வருகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: நீங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே 'அப்படியெல்லாம் இல்லைங்க' என்று யாராவது தேற்றினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். 'என் கை பேச்சு கேக்கல' என்பதில் சிரிப்பு இருக்கிறது. 'நான் எதுக்குமே லாயக்கில்லை' என்பதில் கேட்பவருக்கு ஒரு வேலை இருக்கிறது.

வகுப்பில் சில நேரம் சிரிக்க வைக்கவே கூடாது. வயிறு குலுங்கச் சிரிக்கும்போது தசைகள் நிஜமாகவே தளர்ந்துவிடும். தலைகீழாக நிற்கும்போதும், ஆழமான நீரில் இருக்கும்போதும், வெட்டும் கருவியோ சூடான உலோகமோ கையில் இருக்கும்போதும், ஏணி மேலும் வேண்டாம். சிரிக்கும்போது சிறுநீர் கசிவதால் பலர், குறிப்பாகப் பிள்ளை பெற்ற பெண்கள், வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். இது பரவலானது, இடுப்படித் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிறது, மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். யாருக்காவது இப்படி என்று தெரிந்தால் அதைப் பேச்சில் எடுக்காதீர்கள்.

தொடங்க ஒரு வாரம்

ஏழு நாள், தினம் இரவு, அன்று நடந்த மூன்று வேடிக்கைகளையும் ஒவ்வொன்றும் ஏன் சிரிப்பு வரவைத்தது என்பதையும் எழுதுங்கள். சூரிச் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதைப் பயிற்சியாகவே கொடுத்துப் பார்த்தபோது, ஒரு வாரம் எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது, சில மாதங்கள் கழித்தும் அந்த வேறுபாடு தெரிந்தது. மூன்றாம் நாளில் பலருக்கு விஷயம் தீர்ந்துபோனது போல் இருக்கும். நிறுத்தாதீர்கள். சம்பவம் எதுவும் இல்லாத நாளில்தான் கண் சின்னதைப் பார்க்கப் பழகும்: நாலு பேர் நாலு ரிமோட்டை நீட்டியது, பூட்டிய கதவை இரண்டு தடவை திறந்து மறுபடி பூட்டியது.

வாரக் கடைசியில் வீட்டில் பத்து நிமிடம் ஒற்றைச் சொல் கதை ஆடுங்கள். நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு சொல்லாக ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். யோசிக்க மூன்று நொடிக்கு மேல் கிடையாது. முன்னவர் சொன்னதை மறுக்கக் கூடாது. 'அப்பா' என்பார் ஒருவர். 'கண்ணாடியை' என்பார் அடுத்தவர். 'தினமும்' என்று ஒருவர் சேர்ப்பார். 'தண்ணி ஊத்தி' என்று இரண்டு சொல் சொல்லிச் சண்டை வரும், விடுங்கள். 'வளர்த்தார்' என்று கடைசி ஆள் முடிப்பார். தமிழில் வினை கிடைத்தவர் கையில்தான் கதையே இருக்கிறது. நான்கு பேர் என்றால் நாற்சொல் வாக்கியத்தில் எப்போதும் ஒரே ஆளுக்கு வினை போய்ச் சேரும். ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் தொடங்குகிறவரை மாற்றுங்கள். வீட்டிலேயே சின்னக் குழந்தைக்கு முதல் சுற்றில் வினை கிடைக்கிற இடத்தைக் கொடுங்கள்.